இறக்கக் காசும் மெட்டு விளக்கும்

கம்பம் மெட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை மலையில் ஏறத் தொடங்கும் இடத்தில் என் எண்ணெய்க் கடை இருந்தது. வியாபாரிக்கு மனசாட்சி உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். அரைப்படி எண்ணெய்க்குக் காசு வாங்கினால் உங்கள் பாத்திரத்தில் எண்ணெய் இருக்கும். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அடியில் கசடு இருக்கலாம், ஆனால் எண்ணெய் இருக்கும். பலவேசம் கங்காணி விற்றதில் அதுகூட இல்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் இது அவன் கதையில்லை. சுருளிப்பட்டிப் பஞ்சம்மாளின் கதை.

பஞ்சம்மாளும் அவள் புருஷன் கருத்தக்கண்ணனும் 1924-இல் மலையேறினார்கள். அவர்களுக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷம் வானம் ஏமாற்றியது, பூமி அடமானத்துக்குப் போனது, அவர்கள் மெட்டு என்கிற அந்தக் கணவாயைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஏழைக்கு வேறு போக்கிடம் கிடையாது. கருத்தக்கண்ணன் நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டான். அவனுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்துவிட்டால் எதிரே நிற்பது மாடா மனிதனா என்று தெரியாது. காட்டிலிருந்து கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பும்போது பஞ்சம்மாள் முன்னால் நடப்பாள், அவன் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான். லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "என்ன பஞ்சம்மா, ஒன் கன்னுக்குட்டியக் கட்டிட்டியா?" என்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. "கட்டாட்டி ஒங்க வீட்டுக் கூழுல வாய வச்சுரும், மதினி" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அந்தத் தோட்டத்து முதலாளி மதுரைக்காரர். வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வயதானவர்கள் வெறுங்கையோடு மலையிறங்குவதைப் பார்த்து அவர் ஓர் ஏற்பாடு செய்தார். கூலியில் ரூபாய்க்கு ஓர் அணா பிடித்து வைப்பது, அதோடு தன் பங்காக இன்னோர் அணா போடுவது, ஒரேயடியாக ஊருக்கு இறங்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துக் கையில் கொடுப்பது. லயத்தில் அதற்கு 'இறக்கக் காசு' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். காசை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதலாளி, கூலிகளை மேய்க்கும் கங்காணி பலவேசத்திடம் விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மலைக்காய்ச்சலில் அங்கேயே செத்தவர்கள் ஊருக்கு இறங்க முடியாமல் மெட்டில் வந்து நிற்பார்கள் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஒரு பக்கம் அவர்கள் சாவு, மறுபக்கம் அவர்கள் ஊர், நடுவில் வழி தெரியாமல் நிற்பார்கள். மெட்டின் உச்சியில் பாதையோரம் ஒரு நடுகல், அதில் ஒரு மாடக்குழி. அங்கே அந்தியில் விளக்கு எரிந்தால் அவர்கள் அதைச் சுற்றி அமைதியாக இருப்பார்களாம். உடையவர்கள் ஒருநாள் ஒரேயடியாக இறங்கும்போது அந்த விளக்கின் முன் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூடவே இறங்கி வந்துவிடுவார்களாம். அதுவரைக்கும் உடையவர்கள் அந்தக் கல்லைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் செத்தவர் பாதி வழி வந்து தவித்துப்போவார். ஆகவே திருவிழாவுக்கோ கல்யாணம் காட்சிக்கோ மெட்டைத் தாண்டுகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தலையில் துணியை இழுத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். லயத்தில் யாரையாவது பறிகொடுக்காத வீடு இல்லை. அப்படியென்றால் கல்லைப் பார்த்தவர் யார் இருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

முன்பெல்லாம் சாவு விழாத வீட்டு ஆள் யாரையாவது பிடித்து, எண்ணெய் கொடுத்தனுப்பி விளக்கேற்றச் சொல்வார்களாம். பலவேசம் வந்ததும், "நீங்க எதுக்கு ஆள் தேடி அலையணும்? நான் ஏத்த ஏற்பாடு பண்றேன். எறக்கக் காசுல பிடிச்சுக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டான். எவ்வளவு பிடிக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. செத்தவர்களுக்குச் செய்வதில் கணக்குக் கேட்பது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது எள் என்ன விலை என்று கேட்பீர்களா? பலவேசம் இதையெல்லாம் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

1929 அடைமழையில் கருத்தக்கண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. போர்த்துவதற்கு இரண்டு கம்பளியும் ஒரு சாக்கும் இருந்தன, எல்லாவற்றையும் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. கடைசி நாளில் பகலிலேயே அவனுக்குக் கண் தெரியவில்லை. "பஞ்சு, வெளக்கப் பொருத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவள் பொருத்தினாள். "பொருத்தலையா?" என்று கேட்டான். அவன் பேசியது அதுதான் கடைசி.

அவனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அவள் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அவுகளுக்குச் சாயங்காலமானா கண்ணு தெரியாது கங்காணியாரே. எல்லாருக்கும் எரியிற மாதிரி எரிஞ்சாப் பத்தாது. திரி கொஞ்சம் தடியாப் போடச் சொல்லுங்க."

"அதுக்கென்ன ஆத்தா" என்றான் பலவேசம். "தடித் திரின்னா எண்ணெய் கூடப் பிடிக்கும். அதையும் சேத்துப் பிடிச்சுக்கிடுறேன். நீ நிம்மதியாப் போ."

அவள் நிம்மதியாகத்தான் போனாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பத்து வருஷம் அவள் ஒண்டியாகக் காய் எடுத்தாள், களை எடுத்தாள். அட்டைக் கடியில் கால் புண்ணாகிப் புண்ணாகிக் கறுத்துப்போனது. சித்திரை மாதம் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் இறங்கும்போது அவளும் இறங்குவாள். மெட்டு வந்ததும் துணியை இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "இங்கனதேன் போறேன். இன்னும் கொஞ்ச நாளு. வெளிச்சத்துலயே இரும்" என்று முணுமுணுத்துக்கொண்டு தாண்டுவாள். அந்த நேரத்தில் முதுகில் ஒரு சூடு படுமென்றும், அது விளக்கின் சூடு என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

1939-இல் முழங்கால் மடங்காமல் போனதும் ஒரேயடியாக இறங்குவதென்று முடிவு செய்தாள். கங்காணி இறக்கக் காசைக் கொடுத்தான். பதினைந்து வருஷ உழைப்பு, முதலாளி போட்ட பங்கு, எல்லாம் சேர்ந்து அவள் முந்தானையில் ஒரு சின்ன முடிச்சாக அடங்கிவிட்டது. அடமான நிலத்தை மீட்பது கிடக்கட்டும், ஓர் ஆட்டுக்குட்டி வாங்கக்கூடத் தாராளமாக இருக்காது. காரணம் கேட்டதற்கு அவன் பொறுமையாகத்தான் சொன்னான். விளக்கு ஒருவருக்காக எரிவதில்லை. லயத்தில் செத்த அத்தனை பேருக்கும் எரிகிறது. ஆகவே ஒவ்வொரு சாவுக்கும் எல்லோருடைய காசிலும் பிடித்தம், அதுவும் மாதாமாதம். சாவு கூடக்கூடப் பிடித்தமும் கூடும். அவளுக்குத் தடித் திரி வேறு. இதையெல்லாம் அவன் அதற்கு முன் ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை.

பஞ்சம்மாள் சண்டை போடவில்லை. காசெல்லாம் எண்ணெயாக எரிந்தது, எரிந்ததெல்லாம் தன் புருஷனுக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மூட்டையோடு மெட்டுக்கு வந்தாள். ஒரேயடியாக இறங்குகிறவள் கல்லைப் பார்க்கலாம். தலைத் துணியை விலக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மாடக்குழியில் குளவி கூடு கட்டியிருந்தது. அதுவும் பழைய கூடு. குழிக்குள் விரலை விட்டுத் தடவினாள். கரி இல்லை, பிசுக்கு இல்லை. இந்தப் பத்து வருஷத்தில் விளக்கு ஒரே ஒரு நாள் எரிந்திருந்தால்கூட மேல்கல்லில் கொஞ்சம் கறுப்பு இருக்கும். பலவேசத்துக்கு முந்திய கரியையும் மழை கழுவி, வெறும் பாசிதான் இருந்தது.

அன்று அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. இருட்டில் நிற்கிற மாலைக்கண்காரனைக் கூப்பிட்டால் அவன் எந்தப் பக்கம் அடியெடுத்து வைப்பான் என்ற பயம். பள்ளத்தில் விழுந்துவிட்டால்?

கீழே இறங்கியதும் நேராக என் கடைக்குத்தான் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"செட்டியாரே, பலவேசம் கங்காணி ஒங்ககிட்ட எலுப்பெண்ணெய் வாங்குவாகளா?"

"மீசைக்கு நல்லெண்ணெய் வாங்குவான். இலுப்பெண்ணெய் வாங்கிப் பார்த்ததே இல்லை" என்றேன்.

"வேற கடையில?"

"இந்தப் பாதையில வேற கடை ஏது ஆத்தா?"

அவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். காசு போனதற்காக அழுகிறாள் என்று நினைத்து நானும் கங்காணியைத் திட்டத் தொடங்கினேன். அவள் கையை ஆட்டி என்னை நிறுத்தினாள். "காசு கெடக்கு செட்டியாரே. பத்து வருசமா அந்த மனுசன் இருட்டுலயில்ல நின்னுருக்காரு. நான் தெனமும் நிம்மதியாத் தூங்கியிருக்கேனே" என்றாள்.

சுருளிப்பட்டியில் ராமுத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அதே லயத்தில் இருந்து இரண்டு வருஷம் முன்னால் இறங்கி வந்தவள், மகனை அங்கே பறிகொடுத்தவள். பஞ்சம்மாள் அவளிடம் போய்க் கேட்டாள். "நீயும் அந்தக் கல்லப் பாத்திருப்பியே அக்கா?"

ராமுத்தாய் முகத்தைத் தூக்காமலே சொன்னாள். "பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் ஒரு வார்த்த சொல்லிவிடலை?"

"எதுக்குச் சொல்லணும்? நான் ஒருத்தி தூங்காமக் கெடக்கது பத்தாதா? நீங்களாச்சும் தூங்குவீகன்னு விட்டுட்டேன்."

இறங்கி வந்த எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது என்பது பஞ்சம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ராமுத்தாய் மேலும் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

பஞ்சம்மாளால் ஊரில் இருக்க முடியவில்லை. பொழுது சாயும் நேரமானால் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளாது. வாசலுக்கு வந்து மலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு மாதம் கழித்து, மிச்சமிருந்த காசில் ஒரு பானையும் சுக்கும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு மறுபடி மெட்டுக்குப் போய்விட்டாள். நடுகல்லுக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டு, தலைச்சுமைக்காரர்களுக்குச் சுக்குத் தண்ணீர் விற்றாள். குளவிக் கூட்டை எடுத்தெறிந்து மாடக்குழியைக் கழுவினாள். அன்றைய அந்தியிலிருந்து அங்கே விளக்கு எரிந்தது, தடித் திரி போட்டு. இலுப்பெண்ணெய் என் கடையிலிருந்துதான் போகும். சுமைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். அளவில் நான் முன்னே பின்னே வைத்தது கிடையாது.

அவனைக் கூப்பிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன். "இன்னும் இல்ல. பத்து வருசம் இருட்டுல நின்ன கண்ணு. மொதல்ல வெளிச்சத்துக்குப் பழகட்டும்" என்றாள். விளக்கேற்றி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு வந்தவர் போனவர் பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருப்பாளாம். சுமைக்காரர்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகவே பயந்தார்கள். நடுநடுவே அவள் பேச்சை நிறுத்துவாளாம், பதில் கேட்கிறவள் நிறுத்துகிற அளவுக்கு.

அதற்குள் உலகச் சண்டை வந்தது. அரிசி ஏறியது, மண்ணெண்ணெய் கண்ணில் படவில்லை. தோட்டத்தில் பலவேசம் என்ன செய்தான் தெரியுமா? லயத்துக்கு மேலே உள்ள மேட்டில் நின்று பார்த்தால் மெட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். ஒருநாள் அந்தியில் எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டினான். "அங்கன பாருங்க. தூரத்துல நின்னு பாக்கறதுல குத்தமில்ல. எரியுதா இல்லையா? எண்ணெய் விக்கிற வெலையில நான் விடாம எரிக்கிறேன்" என்று சொல்லி விளக்குப் பிடித்தத்தை இரண்டு மடங்காக்கினான். தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான், அது உலக வழக்கம். இவன் அடுத்தவள் எடுத்த தேனுக்குக் கூலி வாங்கினான்.

செய்தி தெரிந்ததும் பஞ்சம்மாள் முழங்கால் வலியோடு லயத்துக்கு நடந்தாள். ராஜாத்தி என்ற சின்ன வயசுப் பெண், முந்தின மழையில் புருஷனைப் பறிகொடுத்தவள், வாசலில் இருந்தாள். பஞ்சம்மாள் நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"வெளக்கு எரியறத என் கண்ணால பாத்தேன்" என்றாள் ராஜாத்தி.

"அது நான் ஏத்துறதுத்தா. என் காசுல வாங்குன எண்ணெய்."

"நீ ஏத்துறதுதேன். கங்காணி சொன்னாக. ஒனக்கு மாசச் சம்பளம் குடுத்து அங்கன வச்சிருக்காகளாம்ல? சம்பளம் பத்தலைன்னு இங்கன வந்து அவுகளப் பத்திப் பொரணி பேசுறியா?"

பஞ்சம்மாள் சத்தியம் செய்தாள். ஒருத்தியும் நம்பவில்லை. நம்பினால் இத்தனை நாளும் அவரவர் ஆட்கள் இருட்டில் நின்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடக் காசு கொடுப்பது சுலபம். ராஜாத்தி அழுதுகொண்டே கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த சந்தைக்கு இறங்கியபோது பஞ்சம்மாள் என் கடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மதுரைக்குப் போய் முதலாளியைப் பார்க்கலாம், நானும் துணைக்கு வருகிறேன் என்றேன்.

"அவுக வந்து கேட்டா, கங்காணி மெட்டக் காட்டுவாரு. வெளக்கு எரியும். அப்பறம் நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். பிறகு அவளே, "அது எரியிற வரைக்கும் ஒருத்தியும் நம்பமாட்டா செட்டியாரே" என்றாள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "அப்போ கருத்தக்கண்ணனை என்ன செய்யப்போற ஆத்தா?" என்றேன். அவள் எழுந்துகொண்டாள். அன்றைக்கு எண்ணெய் மட்டும் வழக்கம்போல வாங்கிக்கொண்டாள்.

அந்த வருஷச் சித்திரைத் திருவிழாவுக்குப் பலவேசம் ஒரு புதுமை செய்தான். மெட்டில் எல்லோருமாக நின்று விளக்கைக் கும்பிட்டுவிட்டு இறங்கலாம், பூசை போட்டுத் தோஷம் கழித்தாகிவிட்டது, இனிப் பார்த்தாலும் குற்றமில்லை என்று அறிவித்து, அதற்கென்று தனியாக ஒரு பிடித்தமும் போட்டான். எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானமே பூட்டிவிட்டு மலையேறினேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொழுது இறங்கும் நேரத்தில் லயத்து ஆட்கள் வந்தார்கள். பெண்கள் பழக்கத்தில் துணியை இழுத்துவிட்டிருந்தார்கள். பஞ்சம்மாள் நடுகல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாடக்குழியில் ஒன்றுமில்லை. அகலை எடுத்துக் குடிசைக்குள் வைத்துவிட்டிருந்தாள்.

"என்ன ஆத்தா, இன்னும் ஏத்தலையா?" என்றான் பலவேசம், சிரித்துக்கொண்டு.

"நீங்கதேன எண்ணெய் வாங்குறது? ஊத்துங்க, ஏத்துறேன்."

"வெளையாடாத. சனம் நிக்குது."

"எண்ணெய் எங்கன இருக்கு கங்காணியாரே? இத்தன வருசமா எதுல வாங்குனீக, எங்கன வச்சிருக்கீக? அதத்தேன கேக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான். எண்ணெய்க்காரன் நிற்பதை எல்லோரும் அப்போதுதான் கவனித்தார்கள். "இந்த ஆளு எங்கிட்ட ஒரு சொட்டு இலுப்பெண்ணெய் வாங்கினதில்லை" என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. பலவேசம் நாளைக்கு ஏற்றலாம் என்றான், திருவிழா கழியட்டும் என்றான், பிறகு பேச்சு நின்றுபோனது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ராஜாத்திதான் முதலில் துணியை விலக்கினாள். கல்லருகே போய்க் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பிறகு அந்தப் பெண்கள் அழுதார்கள். சாவு வீட்டில் முதல் நாள் அழுகிற அழுகை. மெட்டுக் காற்றில் அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் இறங்கியது.

பஞ்சம்மாள் மட்டும் அழவில்லை. கல்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "கொஞ்ச நேரம் இருட்டுல நில்லுய்யா. கைய விடல."

செய்தி மதுரைக்குப் போனது. பலவேசத்தை வேலையை விட்டு நீக்கினார்கள். போன காசு வரவில்லை, ஆனால் அதன் பிறகு விளக்குப் பிடித்தம் இல்லை. இறங்கி வந்தவர்கள் முந்தானையில் நல்ல முடிச்சோடு வந்தார்கள். ராஜாத்தி ஒரு கறவை மாடு வாங்கினாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஒருத்தியும் பஞ்சம்மாளின் குடிசையில் நின்று ஒரு வாய் சுக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த இடம் வந்ததும் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகப் போனார்கள். பொய்யோ மெய்யோ, ஒரு விளக்கு எரிகிறது என்ற நினைப்பை அவள் பிடுங்கிவிட்டாள் அல்லவா.

அவள் மறுபடி விளக்கேற்றவில்லை. நான் ஓர் ஏனம் நிறைய எண்ணெய் சும்மாவே கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டாள். நேரில் போய்ச் சத்தம் போட்டேன். "நாளைக்கு இன்னொரு கங்காணி வருவான். அவனும் இதக் காட்டிப் பிடிப்பான் செட்டியாரே. காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது" என்றாள். அப்படியானால் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு ஊருக்காவது இறங்கு என்றேன். வெளிச்சம் இல்லாமல் அவனுக்கு வழி தெரியாது, விட்டுவிட்டும் இறங்க முடியாது என்றாள்.

கடைசியாக நான் அவளைப் பார்க்கப் போனது மார்கழியில். நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது. குடிசைக்குள்ளும் வெளிச்சம் இல்லை, அடுப்புகூட அணைந்திருந்தது. பயந்துபோய் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"வாங்க செட்டியாரே" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "பாத்துக் கால வைங்க. நாங்க பழகிட்டோம்."